ராத்திரி எப்போ படுத்தேன்னு யாரும் கேட்கலியே!



ஜூன் பிறந்து சாரல் அடிக்க ஆரம்பித்ததுமே, "குத்தாலத்துல தண்ணி விழுதா?" என்று போன் வர ஆரம்பித்துவிடும். அப்புறம் சீசன் முடிகிறவரை எங்கள் தென்காசியில் பாதி வீடுகள் சத்திரம்தான். வருகிறவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விருந்தாளி வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், 2024 ஜூலையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம், இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதை மற்ற சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு இரண்டு குழந்தைகள். அப்போது பையனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். பெண்ணுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். அன்று காலை பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து என் கணவரின் சொந்தக்காரர்கள் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். "பகல்ல பேரருவியில கூட்டம் தாங்காது, ராத்திரி போனா ஆற அமரக் குளிக்கலாம்" என்று ஒருவர் யோசனை சொல்ல, சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மேல் வேன் பிடித்துக் கிளம்பினோம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தானே! குழந்தைகளை வீட்டில் விட்டுப் போக முடியுமா? அவர்களையும் தூக்கிக்கொண்டு போனோம்.

விளக்கு வெளிச்சத்தில் அருவி பார்க்க அழகாகத்தான் இருந்தது. சின்னவள் மட்டும் ஈரக்காற்றில் நடுங்கிக்கொண்டு என் தோளை விட்டு இறங்கவே இல்லை. வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. எல்லோருக்கும் சுக்குக் காபி போட்டு, ஈரத் துணிகளைப் பிழிந்து போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் படுக்கும்போது இரண்டரை. ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர். ஏழேகாலுக்குப் பையனின் ஸ்கூல் வேன். பிறகு அத்தனை பேருக்கும் இட்லி, மதியச் சாப்பாடு...

மதியம் மூன்று மணி இருக்கும். விருந்தாளிகள் ஐந்தருவிக்குப் போயிருந்தார்கள். மாமியார் பக்கத்துத் தெருவில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். சின்னவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். யாரோ கத்துகிற சத்தம் கேட்டுக் கண் விழித்தால், மடியில் பிள்ளை இல்லை! எங்கள் தெரு முனையில், குற்றாலம் ரோட்டோரம் ரம்புட்டான், மங்குஸ்தான் பழம் விற்கிற பாட்டி, என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"ஏம்மா, பிள்ளை நடு ரோட்டுக்கு வந்துட்டு. காரும் வேனும் பறக்குற நேரம். நான் பாக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார்.

எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது. பாட்டியின் காலில் விழாத குறை.

சாயங்காலம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "பட்டப்பகல்ல தூங்கினா இப்படித்தான்" என்றார் ஒருவர். "பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன தூக்கம்?" என்றார் இன்னொருவர். "நாங்கல்லாம் பகல்ல தலையைச் சாச்சதே கிடையாது" என்றார்கள் மாமியார். நான் குற்றவாளி மாதிரி தலை குனிந்து அழுதுகொண்டு நின்றேன். கதவுக்குக் கொண்டி போடாதது என் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், "முந்தின ராத்திரி எப்போ படுத்தே? எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று அத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு ஏன், எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை. அன்று ராத்திரி படுத்த பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம்!

அடுத்த வாரம் சின்னவளுக்குச் சளி. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பரிசோதித்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறா?" என்று கேட்டார். "பதினோரு மணி ஆயிடும் டாக்டர், எவ்வளவு தட்டினாலும் தூங்கவே மாட்டேங்குறா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவ தூங்க மாட்டேங்குறாளா, இல்லை உங்க வீடு தூங்க மாட்டேங்குதா?" என்று கேட்டார்.

சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் பத்து மணி வரை டி.வி.யில் சீரியல் ஓடும். கடையைப் பூட்டிவிட்டு என் கணவர் வர ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு சாப்பாடு, செல்போன். ஹாலில் டியூப்லைட் பகல் மாதிரி எரியும். இத்தனைக்கும் நடுவில் ஒரு குழந்தையை மட்டும் "கண்ணை மூடு, கண்ணை மூடு" என்று அதட்டினால் அது எப்படித் தூங்கும்?

டாக்டர் சொன்ன கணக்கையும், நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பகல் தூக்கமும் சேர்த்து, ஒரு நாளைக்கு மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு 14 முதல் 17 மணி நேரம், நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பள்ளிக்கூடம் போகிற ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் என்கிறார்கள் தூக்கம் பற்றிய மருத்துவர்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். என் பையன் பதினொரு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தான். ஏழு மணி நேரம்! அவன் வயதுக்கு மூன்று மணி நேரமாவது குறைவு.

இன்னொரு விஷயம் எனக்குப் புதிதாக இருந்தது. தூக்கம் போதாவிட்டால் பெரியவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். குழந்தைகள் பல சமயம் அதற்கு நேர்மாறாக, ஆட்டம் போடுவார்களாம். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவது, தங்கையைக் கடிப்பது, ஒன்றுமில்லாததற்கு உருண்டு புரண்டு அழுவது... இதையெல்லாம் "சேட்டை" என்று சொல்லி நான் என் பையனை எத்தனை நாள் அடித்திருக்கிறேன்! அவன் கேட்டது தூக்கம். நான் கொடுத்தது அடி. நினைத்தால் மனசு பாரமாக இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் உடம்பு வளர்வதற்கான ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது, பகலில் படித்தது மனசில் பதிவதும் தூக்கத்தில்தான் என்று டாக்டர் சொன்னார். சத்து மாவுக்கும் பாதாமுக்கும் காசு செலவழிக்கிறோம், காசில்லாமல் கிடைக்கிற இதை விட்டுவிடுகிறோம்!

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். எதை வைத்து ஆராய்ச்சி பண்ணினார்கள் தெரியுமா? அழுகின பழத்தில் மொய்க்கிறதே குட்டி ஈ, அதை வைத்து! அந்தக் கடிகாரத்தைச் சரியாக ஓட வைப்பது வெளிச்சம்தான். இருட்டினால் தூக்கம் வர வேண்டும், விடிந்தால் விழிப்பு வர வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தால், இன்னும் பகல்தான் என்று மூளை ஏமாந்துபோகிறது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, மாமியாரிடமிருந்து உடனே பதில் வந்தது. "நாங்கல்லாம் நாலு பிள்ளை பெத்து வளக்கலியா? மணி பாத்தா தூங்க வச்சோம்? இப்போதான் எல்லாத்துக்கும் டாக்டரு."

நான் கோபப்படாமல் கேட்டேன். "அத்தை, உங்க காலத்துல ராத்திரி வீட்டுல என்ன வெளிச்சம் இருந்துச்சு?"

"அரிக்கேன் லைட்டு ஒண்ணு. மண்ணெண்ணெய் தீந்துரும்னு எட்டரைக்கெல்லாம் திரியை இறக்கிருவோம்."

"பகல்ல உங்களுக்கு அசந்தா பிள்ளையை யாரு பாத்தா?"

"எங்க மாமியா இருந்தா, கொழுந்தியா இருந்தா, பக்கத்து வீட்டு ஆச்சி இருந்தா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அவர்களாகவே வந்து, "ஏட்டி, பிள்ளையை இங்க கொண்டா. நீ போய் ஒரு மணி நேரம் படு" என்றார்கள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய சீர் அதுதான்!

என் கணவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் வர்றதே ஒன்பதரைக்கு. அப்போ பிள்ளைங்க தூங்கிட்டா, நான் எப்போதான் அதுங்க முகத்தைப் பாக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? பிள்ளைகளுக்காகத்தான் அந்த மனுஷரும் ராத்திரி வரை கடையில் நிற்கிறார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். பிள்ளைகள் எட்டரைக்குள் தூங்கிவிடுவார்கள். காலையில் தானாகவே ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவார்கள். அந்த நேரம் அப்பாவுடைய நேரம். பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, யூனிபாரம் போடுவது, வேனில் ஏற்றுவது எல்லாம் அவர். ஆரம்பத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு அனுப்பினார். இப்போது பையனுக்கு அப்பா குளிப்பாட்டினால்தான் பிடிக்கிறது. சின்னவள் நடுராத்திரி எழுந்து அழுதால், ஒரு நாள் நான், ஒரு நாள் அவர். எனக்கும் ஆறரை, ஏழு மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைக்கிறது. முன்பு போல் எரிந்து விழுவதில்லை என்று என் பையனே சொல்கிறான்.

சீரியல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சத்தத்தைக் குறைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் பார்க்கிறார்கள். எட்டு மணிக்கு ஹால் டியூப்லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன பல்பு போடுகிறேன். செல்போன் எல்லாம் பிரிட்ஜுக்கு மேலே. தினமும் ஒரே மாதிரி... சாப்பாடு, பல் தேய்ப்பது, ஒரு கதை, அப்புறம் படுக்கை. முதல் பத்து நாள் அழுகையும் அடமும்தான். பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் தவறினாலும் மறுநாள் பழையபடி பிடித்துக்கொள்ளலாம், கவலைப்பட வேண்டாம்.

ஆனால், எல்லா வீட்டிலும் இது இவ்வளவு சுலபமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் எதிர் வீட்டு அக்கா பீடி சுற்றுகிறவர். எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதானே சோறு போடுகிறது? மறுநாள் காலையில் கடையில் கணக்குக் கொடுக்க, ராத்திரி பன்னிரண்டு மணி வரை தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பக்கத்திலேயே அந்த லைட் வெளிச்சத்தில், புகையிலைத் தூள் நெடியில் சுருண்டு கிடக்கும். அவரிடம் போய், "அக்கா, ஏழு மணி நேரம் தூங்குங்க" என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஒன்று மட்டும் சொன்னேன். "பிள்ளைகளை உள்ளறையில, இருட்டுல படுக்க வைங்க. ராத்திரிச் சோறாக்குறதையும் பாத்திரத்தையும் அண்ணாச்சி பாக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத் தூக்கம்" என்றேன். சிரித்தார். "உங்க அண்ணாச்சியா, பாத்திரமா?" என்றார். பிறகு ஒரு நாள் அந்த அண்ணாச்சி குழாயடியில் பானை தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். தினமும் தேய்க்கிறாரா என்று தெரியாது. ஒரு நாளாவது தேய்த்தாரே!

சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அருவியில் தண்ணீர் காலையிலும் விழும். கைக்குழந்தையையும் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளையும் நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பெரியவர்கள் போய் வாருங்கள், பிள்ளைகள் வீட்டில் தூங்கட்டும். திரும்பி வந்ததும் வீட்டுக்காரியை எழுப்பாமல், காபியை நீங்களே போட்டுக் குடியுங்கள். எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் எங்கே இருக்கிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்!

பயணத்தில் பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று சளி மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சளிக்காகக் கொடுக்கிற குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு மருந்தும் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பதும் ஆபத்து. அது அபினிச் செடியின் விதை என்பதை மறக்கக் கூடாது. கைக்குழந்தைகளை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தாய்க்குக் கண் சொக்கினால், நாற்காலியிலோ சோபாவிலோ மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வீட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் மாற வேண்டும். கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ரேடியோ செட் கட்டுகிறார்கள். நான் சாமி காரியத்துக்கு விரோதமாகச் சொல்லவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசாங்கம் அனுமதித்தாலும், நள்ளிரவு பன்னிரண்டு வரைதான், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. குழந்தை தூங்குகிற வீட்டுப் பக்கம் இருக்கிற குழாயையாவது பத்து மணிக்கு அணைத்தால், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஸ்கூல் வேன் விஷயமும் அப்படித்தான். ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று, ஒன்பது மணி வகுப்புக்கு ஏழு மணிக்கே வந்து ஹார்ன் அடிக்கிறார்கள். பிள்ளைகள் வேனிலேயே தூங்கி வழிகிறார்கள். மகாராஷ்டிராவில் 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்பது மணிக்கு முன்னால் பள்ளிக்கூடம் தொடங்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. காரணம், குழந்தைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்பதுதான். நம் ஊர்ப் பள்ளிகளும் வேன் ஓடும் வழியையாவது மாற்றி யோசிக்கலாமே!

சகோதரிகளே, "தூங்குமூஞ்சி" என்ற பட்டம் நம் வீடுகளில் பெண்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. கடைசியில் படுத்து, முதலில் எழுந்திருப்பவள்தான் நல்ல மருமகள் என்று நம் மனசிலேயே பதிந்துவிட்டது. தூங்காத தாய்க்கு எரிச்சல் வரும், கவனம் தப்பும். அந்தக் கவனம் தப்புகிற ஒரு நிமிஷத்தில் பிள்ளை ரோட்டுக்குப் போய்விடும். எனக்குப் பழக்காரப் பாட்டி இருந்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியுமா?

இனிமேல் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு தாய் பகலில் அசந்து தூங்கினால் திட்டாதீர்கள். கதவுக்குக் கொண்டியைப் போட்டு, பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் எழுந்த பிறகு, "ராத்திரி எப்போ படுத்தே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது போதும்.

என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு குடும்பத் தலைவி,
தென்காசி.